அறிவொளிக் கால ஆங்கில நாவல்கள்: புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு ஒரு வழி

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு ‘நாவலின் எழுச்சி’ என்ற பாடம் நினைவிருக்கும். டீஃபோ, ரிச்சர்ட்சன், ஃபீல்டிங், ஸ்டெர்ன் என்று நான்கு பெயர்கள், பக்கத்தில் ஆண்டுகள், ஆளுக்கு ஐந்து வரி. தேர்வுக்கு அது போதும். மூல நூல்களைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு, திறந்தவர்களில் முதல் முப்பது பக்கங்களைத் தாண்டியவர்கள் அதைவிடக் குறைவு. அந்த முப்பது பக்கங்களைத் தாண்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆங்கிலச் செய்தித்தாளைத் தடுமாறாமல் படிக்க முடிந்தால் போதும். இலக்கியப் பட்டம் எல்லாம் தேவையில்லை.

முதலில் ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்

கால வரிசைப் பட்டியலை மூடி வைத்துவிடுங்கள். ‘இதை நான் ஏன் நம்ப வேண்டும்?’ என்ற ஒரே கேள்வியோடு உள்ளே போனால் இந்த நாவல்கள் எல்லாம் திறந்துகொள்ளும். அறிவொளிக் காலம் எனப்படும் பதினெட்டாம் நூற்றாண்டும் அதற்குச் சற்று முந்தைய ஆண்டுகளும் அந்தக் கேள்வியில்தான் வாழ்ந்தன. 1660இல் லண்டனில் தொடங்கிய ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கம், ‘யார் சொன்னாலும் அப்படியே ஏற்காதே’ என்ற பொருள் வரும் லத்தீன் தொடரைத் தன் முழக்கமாக வைத்துக்கொண்டது. நமக்கு ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ உடனே நினைவுக்கு வரும். ஆனால் அவர்களுக்கு அது அறநெறியாக மட்டும் இல்லை. சோதனை செய்து, அளந்து, தேதி போட்டு எழுதி வைக்கும் நடைமுறையாக இருந்தது. தத்துவவாதி ஜான் லாக், 1690 என்று ஆண்டு பொறித்து வெளிவந்த தன் நூலில், மனம் பிறக்கும்போது எழுதப்படாத வெள்ளைத் தாள், அதில் எழுதுவது அனுபவம்தான் என்றார். அப்படியானால் ஒரு மாலுமியின் அனுபவமும் ஒரு வேலைக்காரப் பெண்ணின் அனுபவமும்கூட எழுதத் தக்கவை ஆகிவிடுகின்றன. இளவரசர்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம் அச்சு. அச்சிடுவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற சட்டம் 1695இல் காலாவதியானது. அதன் பிறகு செய்தித்தாள்களும் பத்திரிகைகளும் பெருகின. பயணக் குறிப்பு, கப்பல் விபத்து, தூக்குமேடைக் குற்றவாளியின் வாக்குமூலம் என்று ‘உண்மைக் கதை’களைக் காசு கொடுத்து வாங்கும் வாசகர்கள் உருவானார்கள். நாவல் அந்தக் கூட்டத்தில்தான் வந்து நின்றது, தானும் உண்மை என்று சத்தியம் செய்துகொண்டு.

எந்தப் பதிப்பு?

மின்நூல்கள் புராஜெக்ட் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசம், ஒலிநூல்கள் லிப்ரிவாக்ஸ் இணையதளத்தில். சுவைத்துப் பார்க்க அது போதும். உட்கார்ந்து படிக்கப் போகிறீர்கள் என்றால் ஆக்ஸ்ஃபோர்டு வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸ் அல்லது பெங்குவின் பதிப்பு ஒன்றை வாங்குங்கள், பழைய புத்தகக் கடையில் கிடைத்தாலும் சரி. பின்னால் இருக்கும் குறிப்புகளுக்காகத்தான் அந்தப் பணம். சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்பைத் தொட வேண்டாம், குறிப்பாக ‘ராபின்சன் குரூசோ’வுக்கும் ‘கலிவரின் பயணங்கள்’ நூலுக்கும். நாம் பள்ளியில் படித்தது அந்தச் சுருக்கங்களைத்தான். நாவலாக இருந்த பகுதியை வெட்டிவிட்டுச் சாகசத்தை மட்டும் விட்டுவைத்தவை அவை.

பழைய அச்சுப் படிகளை ஸ்கேன் வடிவில் பார்த்தால் ‘எஸ்’ எழுத்து பல இடங்களில் ‘எஃப்’ போலத் தெரியும். பிழை இல்லை, அக்கால எழுத்துரு. இரண்டு பக்கத்தில் பழகிவிடும். சொற்களின் பொருள் இப்போதைக்கு ஒத்துவரவில்லை என்று தோன்றினால் சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதி இணையத்திலேயே இருக்கிறது, அதைப் பாருங்கள். பணக் கணக்கு அடிக்கடி வரும்: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.

குரூசோவைத் தீவிலிருந்து தொடங்குங்கள்

1719 ஏப்ரலில் வந்த ‘ராபின்சன் குரூசோ’வின் முகப்பில் டேனியல் டீஃபோவின் பெயரே இல்லை. குரூசோ தானே எழுதியது என்றுதான் போட்டிருந்தது. முன்னுரையில் ‘பதிப்பாசிரியர்’ ஒருவர் வந்து, இது நடந்த வரலாறு, இதில் புனைவின் சாயலே இல்லை என்கிறார். அந்தப் பதிப்பாசிரியரும் டீஃபோவின் கற்பனைதான். அப்போது அவருக்கு ஏறக்குறைய அறுபது வயது. வணிகத்தில் திவாலாகி, அரசியல் துண்டுப் பிரசுரம் எழுதித் தண்டனைக் கூண்டில் நின்று, உளவு வேலையும் பார்த்து முடித்திருந்தார். எதைச் சொன்னால் மனிதர்கள் நம்புவார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

கப்பல் உடையும் இடத்திலிருந்து படியுங்கள். கரையேறிய குரூசோ, கூட வந்தவர்கள் யாரையும் அதன் பிறகு பார்க்கவில்லை. மூன்று தொப்பி, ஒரு குல்லாய், ஜோடி சேராத இரண்டு காலணி, இவ்வளவுதான் கரை ஒதுங்கின என்கிறான். கொஞ்ச நேரம் அந்த வரியிலேயே நில்லுங்கள். ‘எல்லாரும் மாண்டார்கள், நான் கதறினேன்’ என்று எழுதியிருந்தால் அது பழைய கதை. ஜோடி சேராத காலணிகளைக் கற்பனை செய்து சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை, அதனாலேயே நம்பிவிடுகிறோம். இரண்டு காலணியில் இரண்டு பிணம் இருக்கிறது. டீஃபோவின் வித்தை முழுவதும் இந்த மாதிரி இடங்களில்தான்.

அடுத்து, உடைந்த கப்பலில் பணம் கண்டெடுக்கும் இடம். தீவில் உனக்கு என்ன மதிப்பு, கிடந்து அழுகு என்று பணத்தைப் பார்த்து ஒரு பிரசங்கமே செய்கிறான். பிறகு மறுயோசனை வந்து எடுத்துக்கொண்டு போகிறான். சிரித்துவிட்டு, அவன் தன் துன்பத்தையும் அதற்கு எதிரான ஆறுதலையும் வரவு செலவுப் பேரேடுபோல இரண்டு பத்தியாக எழுதும் பக்கத்துக்குப் போங்கள். அந்தப் பேரேட்டில் வணிகனும் இருக்கிறான், தினமும் ஆன்மாவைத் தணிக்கை செய்யும் பியூரிட்டன் கிறித்தவனும் இருக்கிறான். மணலில் ஒற்றைக் காலடியைப் பார்த்து நடுங்கும் இடம் வரை படித்த பிறகு முதல் பகுதிக்குத் திரும்புங்கள். அங்கே ஒரு சங்கடம் காத்திருக்கிறது. தன்னோடு தப்பி வந்த ஷூரி என்ற சிறுவனை அறுபது வெள்ளி நாணயத்துக்கு விற்கிறான். அவனுடைய கப்பல் உடைந்ததே ஆப்பிரிக்காவுக்கு அடிமை வாங்கப் போன பயணத்தில்தான். பகுத்தறிவின் காலம் என்று போற்றப்படும் காலத்துக்கு இதுவும் முகம். லாக்கேகூட அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் முதலீடு செய்தவர்.

மூலப் பதிப்பில் அத்தியாயப் பிரிவே கிடையாது. உங்கள் பதிப்பில் இருந்தால் பின்னால் வந்தவர்கள் போட்டது.

உடனே கலிவர்

குரூசோவை முடித்த கையோடு ஜோனதன் ஸ்விஃப்ட்டின் ‘கலிவரின் பயணங்கள்’ நூலில் முதல் பயணத்தைப் படித்துவிடுங்கள். 1726இல் வந்தது. இது நாவல்தானா என்று இன்றும் சண்டை உண்டு, அதை விடுங்கள். ஐந்து மகன்களில் நான் மூன்றாமவன், நாட்டிங்ஹாம்ஷயரில் அப்பாவுக்குச் சின்னச் சொத்து, கேம்பிரிட்ஜில் படிப்பு, பிறகு அறுவை மருத்துவரிடம் பயிற்சி என்று டீஃபோ பாணியில் ஆதாரங்களை அடுக்கிக்கொண்டே போய், ஆறு அங்குல மனிதர்களின் லில்லிபுட் நாட்டில் இறக்கிவிடுகிறார் ஸ்விஃப்ட். வரைபடம், உயரம், நீளம் எல்லாம் துல்லியமாக இருக்கும். துல்லியமாகச் சொன்னால் எதையும் நம்புவாயா என்று வாசகரைச் சீண்டுகிறார்.

லில்லிபுட் அதிகாரிகள் கலிவரின் சட்டைப்பைகளைச் சோதனை போட்டு எழுதும் அறிக்கையைத் தவறவிடாதீர்கள். பைக்கடிகாரத்தைப் பார்த்து, இது இவன் வணங்கும் தெய்வமாக இருக்கலாம், இதைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை என்று எழுதுகிறார்கள். விஞ்ஞான அறிக்கையின் மொழி, தவறான முடிவு, ஆனால் யோசித்தால் அவ்வளவு தவறும் இல்லை. மூன்றாம் பயணத்தில் வெள்ளரிக்காயிலிருந்து சூரிய ஒளி பிரித்தெடுக்கும் ஆராய்ச்சியாளர் வருவார், ராயல் சொசைட்டிக்கு விழுந்த அடி அது. அயர்லாந்து பிஷப் ஒருவர் ‘இந்தப் புத்தகம் நம்ப முடியாத பொய்களால் நிறைந்தது, ஒரு சொல்லையும் நான் நம்பவில்லை’ என்று சொன்னதாக ஸ்விஃப்ட் தன் நண்பரான கவிஞர் அலெக்சாண்டர் போப்புக்கு எழுதினார். பிஷப் விளையாட்டாகச் சொன்னாரா என்று கவலைப்பட வேண்டாம், ஸ்விஃப்ட்டுக்கு அதைவிட நல்ல விமர்சனம் கிடைத்திருக்காது.

பமேலா தகராறு: நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஒன்றை மட்டும்தான் படிக்க முடியும் என்று யாராவது கேட்டால் ஒரு புத்தகத்தைச் சொல்ல மாட்டேன், ஒரு சண்டையைச் சொல்வேன். சாமுவேல் ரிச்சர்ட்சன் லண்டனில் அச்சகம் வைத்திருந்தவர். கடிதம் எழுதத் தெரியாத மக்களுக்காக மாதிரிக் கடிதங்கள் கொண்ட கையேடு ஒன்றைப் புத்தக வியாபாரிகள் இருவர் கேட்டார்கள். அதை எழுதிக்கொண்டிருக்கும்போது, எஜமானனின் தொல்லைக்கு ஆளாகும் வேலைக்காரப் பெண் தன் பெற்றோருக்கு எழுதும் கடிதம் ஒன்று நாவலாக விரிந்தது. அதுதான் 1740 நவம்பரில் வந்த ‘பமேலா’. பதினைந்து வயதுப் பெண், வீட்டு எஜமானன், மிரட்டல், கடத்தல், கடைசியில் திருமணம். ‘ஒழுக்கத்துக்குக் கிடைத்த பரிசு’ என்று துணைத் தலைப்பு.

நூல் பித்துப் பிடித்ததுபோல் விற்றது. பிரசங்க மேடையில் பாதிரியார் சிபாரிசு செய்தார். பமேலா காட்சிகள் வரைந்த கைவிசிறிகள் விற்பனைக்கு வந்தன. காரணம், கடிதம். நடந்து முடிந்ததைச் சொல்லும் கதை இல்லை, நடக்கும்போதே எழுதுவது. காலடிச் சத்தம் கேட்கிறது, இத்துடன் நிறுத்துகிறேன் என்று பேனா நிற்கும். அடுத்து என்ன ஆகும் என்று எழுதுபவளுக்கே தெரியாது. ஒரு வேலைக்காரியின் மனதுக்குள் இவ்வளவு நேரம் யாரும் அதற்கு முன் வாசகரை உட்காரவைத்ததில்லை.

ஆனால் கேள்வி திரும்ப வருகிறது: இவளை ஏன் நம்ப வேண்டும்? இவளுக்கு இவளே சாட்சி. ஹென்றி ஃபீல்டிங் அதைத்தான் பிடித்துக்கொண்டார். அவர் நாடகக்காரர். 1737இல் வந்த தணிக்கைச் சட்டம் மேடையை மூடிவிட, சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனவர். 1741 ஏப்ரலில் புனைபெயரில் ‘ஷமேலா’ (‘ஷாம்’ என்றால் போலி) என்று ஒரு சின்ன நூல் வெளியிட்டார். பமேலாவின் ‘உண்மையான’ கடிதங்கள் இவைதாம், அவள் கெட்டிக்காரி, பணக்காரனை வளைத்துப் போடவே ஒழுக்க நாடகம் ஆடினாள் என்பது கதை. எஜமானன் அறைக்குள் நுழையும் நொடியிலும் இவள் படுக்கையில் எழுதிக்கொண்டிருக்கிறாள், நிகழ்காலத்தில் எழுதுகிறேன் பார்த்தாயா என்று பீற்றிக்கொள்கிறாள். ஒரே மாலையில் படித்து முடிக்கலாம். அதே ஆண்டு எலைசா ஹேவுட் என்ற பெண் எழுத்தாளரும் ‘ஆன்டி பமேலா’ என்று ஒன்று எழுதினார்.

எப்படிப் படிப்பது? ‘பமேலா’வின் முதல் பாதியைப் படியுங்கள், திருமணத்துக்குப் பிந்தைய பகுதி உபதேசம், தைரியமாகப் புரட்டிவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக இருக்கட்டும், அது 1740ஆம் ஆண்டுப் பாடம். பெங்குவின் தருவது 1801இல் அச்சான திருத்தப்பட்ட பாடம். விமர்சனத்துக்குப் பயந்து ரிச்சர்ட்சன் பமேலாவின் வேலைக்காரப் பேச்சை மெருகேற்றிக்கொண்டே இருந்தார். நமக்கு மெருகு ஏறாத பெண்தான் வேண்டும். அப்புறம் ‘ஷமேலா’, அதோடு சேர்ந்தே அச்சில் கிடைக்கும் ‘ஜோசஃப் ஆண்ட்ரூஸ்’.

1742இல் வந்த இந்த ‘ஜோசஃப்’, பமேலாவின் சகோதரன். இவனுடைய எஜமானி இவனைத் துரத்துகிறாள் என்று கேலியாகத் தொடங்கும். சில அத்தியாயங்களில் கேலியை மறந்து தன் காலில் நிற்க ஆரம்பிக்கும். முதல் புத்தகம், பன்னிரண்டாம் அத்தியாயம்: திருடர்கள் அடித்து, துணியெல்லாம் உருவி, ஜோசஃபைப் பள்ளத்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள். பயணிகள் கோச்சு வண்டி வருகிறது. வண்டிக்காரனுக்கு நேரம் ஆகிறது. சீமாட்டிக்கு நிர்வாண மனிதனோடு பயணம் செய்ய முடியாது. வழக்கறிஞர் மட்டும், இவன் செத்தால் கடைசியாகப் பார்த்தவர்கள் என்று நம்மேல் வழக்கு வரும், ஏற்றிக்கொள்வோம் என்கிறார். போர்த்தத் துணி கொடுக்க எல்லோரும் மறுக்க, குதிரை ஓட்டும் பையன் தன் ஒரே மேலங்கியைக் கழற்றிக் கொடுக்கிறான். அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் ஃபீல்டிங் சொல்கிறார்: இந்தப் பையன் பிற்பாடு கோழிக்கூட்டைத் திருடியதற்காக நாடு கடத்தப்பட்டான். எந்த மனிதனைப் பற்றி எந்த ஆவணத்தை நம்புவது? நீதிமன்றப் பதிவேட்டில் அவன் கோழித் திருடன்.

ரிச்சர்ட்சன் மனதுக்குள் புகுந்து நம்பவைக்கிறார். ஃபீல்டிங் வெளியே நின்று, இது நான் சொல்லும் கதைதான் என்று ஒப்புக்கொண்டு, சாட்சிகளை எதிரெதிரே நிறுத்தித் தீர்ப்பை நம்மிடம் விடுகிறார். பின்னால் வந்த ஆங்கில நாவல்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வீட்டிலும் கடன் வாங்கியவைதாம். ருசி பிடித்தால் 1749இல் வந்த ‘டாம் ஜோன்ஸ்’ எடுங்கள். பதினெட்டு புத்தகங்களாகப் பிரித்த பெரிய நாவல், ஒவ்வொன்றின் முதல் அத்தியாயமும் ஆசிரியர் நம்மோடு பேசும் கட்டுரை. அந்தக் கட்டுரைகளைத் தாண்டிவிட்டுப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அவைதான் நாவலின் சிறந்த பாத்திரம். இதை எழுதி முடிக்கும் காலத்தில் ஃபீல்டிங் லண்டன் போ தெருவில் மாஜிஸ்திரேட்டாகவும் ஆகிவிட்டார்.

பட்டியலில் விட்டுப்போன பெண்கள்

பாடத்தின் நான்கு பெயர்களும் ஆண்கள். குரூசோ வந்த அதே 1719இல் ஹேவுட்டின் முதல் நாவல் ‘லவ் இன் எக்ஸெஸ்’ வெளிவரத் தொடங்கி அமோகமாக விற்றது. அதற்கும் முன்னால் 1688இல் அஃப்ரா பென் ‘ஓரூனோகோ’ எழுதினார். சூரினாமில் அடிமையாக விற்கப்பட்ட ஆப்பிரிக்க இளவரசனின் கதை, நான் கண்ணால் பார்த்தது என்ற சத்தியத்தோடு. நூறு பக்கம்கூட வராது. நீளத்துக்குப் பயப்படுபவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

மொழி மிரட்டாத நாவல் வேண்டும் என்றால் ஃபிரான்செஸ் பர்னியின் ‘எவலினா’, 1778. கிராமத்துப் பெண் லண்டன் நடனங்களிலும் நாடக அரங்குகளிலும் தடுக்கி விழும் கடித நாவல், வாய்விட்டுச் சிரிக்கலாம். பர்னி இதைத் தந்தைக்கே தெரியாமல் எழுதினார். தந்தையின் நூல்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தவர் என்பதால் அச்சகத்தில் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கையெழுத்தை மாற்றி எழுதினார். சகோதரர் மாறுவேடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். கிடைத்த தொகை இருபது கினி, அதாவது இருபத்தொரு பவுண்டு. இத்தனை மறைப்பு எதற்கு? வாடகை நூலகங்கள் பெருகி, நாவல் படிக்கும் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்ற புலம்பலும் பெருகியிருந்த காலம். ஜான்சனே 1750இல் ‘ராம்ப்ளர்’ நான்காம் இதழில், இவற்றைப் படிப்பவர்கள் பெரும்பாலும் இளையோரும் விவரம் அறியாதவர்களும் வேலையற்றவர்களும், ஆகவே எழுதுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று எச்சரித்திருந்தார்.

ஸ்டெர்ன்: அவசரப்பட வேண்டாம்

லாரன்ஸ் ஸ்டெர்னின் ‘டிரிஸ்ட்ரம் ஷேண்டி’ 1759 முதல் 1767 வரை ஒன்பது தொகுதிகளாக வந்தது. தன் வரலாற்றைச் சொல்லப் புறப்பட்டவன் மூன்றாம் தொகுதிக்கு வந்த பிறகுதான் பிறக்கிறான். முழுக் கறுப்புப் பக்கம் ஒன்று, பளிங்கு வண்ணத்தாள் ஒன்று, விதவை வாட்மனை நீங்களே வரைந்துகொள்ளுங்கள் என்று வெற்றுப் பக்கம் ஒன்று. லாக் சொன்னபடி மனதில் எண்ணங்கள் எப்படி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்பதை நேர்மையாக எழுதினால் கதை நகரவே நகராது என்று காட்டுகிறார். மற்றவர்களின் உண்மைச் சத்தியம் எவ்வளவு ஏற்பாடானது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே இந்தக் குறும்பு ருசிக்கும். அதனால்தான் கடைசியில் வைத்தேன். ஒரே மூச்சில் படிக்காமல் நாளுக்குச் சில அத்தியாயம். சில அத்தியாயங்கள் ஒரு பக்கம்கூட இல்லை. ஸ்டெர்ன் கடைசிக் காலத்தில் உருகி உருகி நாட்குறிப்பு எழுதிய எலைசா டிரேப்பர், கேரளக் கரையில் அஞ்சுதெங்கில் பிறந்தவர்.

குறிப்பேடும் விமர்சன நூலும்

ஒவ்வொரு நூலுக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், நம்பவைக்க என்ன ஆதாரம் காட்டுகிறார், எந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு போதும். கதைச் சுருக்கம் எழுத வேண்டாம், அது எங்கும் கிடைக்கும்.

மூன்று நான்கு நாவல்கள் முடித்த பிறகே இயன் வாட்டின் ‘தி ரைஸ் ஆஃப் தி நாவல்’ நூலுக்குப் போங்கள். 1957இல் வந்தது, பாடத்திட்டத்தின் தலைப்பே இதிலிருந்து வந்ததுதான். குறிப்பிட்ட பெயர், இடம், நேரம் ஆகியவற்றால் கட்டும் யதார்த்தம் பற்றி அவர் சொல்வது இன்றும் உதவும். ஆனால் டீஃபோ, ரிச்சர்ட்சன், ஃபீல்டிங் மூவரை வைத்தே வீடு கட்டிவிட்டார், பென்னும் ஹேவுட்டும் வாசலில் நிற்கிறார்கள் என்பது பிந்தைய விமர்சகர்களின் நியாயமான புகார். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரில் பிடிபட்டு, நம் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட அதே சயாம் மரண ரயில் பாதையில் போர்க்கைதியாக இருந்தவர் வாட். தனிமனிதன் எப்படித் தாக்குப்பிடிக்கிறான் என்பதில் அவருக்கு இருந்த ஆர்வம் நூலகத்தில் மட்டும் முளைத்தது இல்லை என்று எனக்குத் தோன்றும்.

‘கிளாரிசா’வை ஏன் சொல்லவில்லை என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். 1747, 48இல் ஏழு தொகுதிகளாக வந்த ரிச்சர்ட்சனின் பெரிய நாவல், ஏறத்தாழ பத்து லட்சம் சொற்கள். ரிச்சர்ட்சனைக் கதைக்காகப் படித்தால் பொறுமை போய்த் தூக்குப்போட்டுக்கொள்வீர்கள், உணர்ச்சிக்காகப் படியுங்கள் என்று ஜான்சன் சொன்னார். இந்த வரிசை முடிந்ததும் அதை எடுப்பதற்கு ஒரு நல்ல முறை இருக்கிறது. அதன் கடிதங்கள் ஜனவரி 10ஆம் தேதி தொடங்கி டிசம்பர் 18 வரை ஓடுகின்றன. அந்தந்தத் தேதிக் கடிதத்தை அந்தந்த நாளில் படியுங்கள். சில நாள் ஒன்றும் வராது, சில நாள் ஐந்தாறு சேர்ந்து வரும், ஜூன் மாதம் அலுவலகத்துக்கு விடுப்பு போட வேண்டியிருக்கும்.